கிணற்றுக்கு ஒரு ரப்பர் சட்டை

என் வீட்டுக்காரர் பம்புசெட் மெக்கானிக். சங்கரன்கோவிலில் அப்போது மெக்கானிக்குகள் நாலைந்து பேர் இருந்தார்கள். கிணற்றுக்குள் முங்கி வேலை பார்க்கிறவர் அவர் ஒருத்தர்தான். அதனால் மழைக்காலம் வந்துவிட்டால் விடிவதற்கு முன்னாலேயே தோட்டம் வைத்திருக்கிற சம்சாரி யாராவது வாசலில் சைக்கிளை நிறுத்தி மணி அடிப்பார்.

எங்கள் பக்கத்துக் கிணறுகள் பாறையை வெட்டி இறக்கியவை. அறுபது, எழுபது அடி போகும். மோட்டாரை மேலே தரையில் வைத்தால் அவ்வளவு ஆழத்திலிருந்து தண்ணீர் ஏறாது. அதனால் கிணற்றுக்குள்ளேயே பாதி ஆழத்தில் பாறையில் ஒரு மேடை வெட்டி அதில் மோட்டாரை வைப்பார்கள். கோடையில் அது சரிதான். ஐப்பசி, கார்த்திகையில் மழை ஊன்றிப் பெய்து ஊற்றுக்கண் திறந்தால் ஒரே ராத்திரியில் தண்ணீர் மேடைக்கு மேலே ஏறி மோட்டார் முங்கிப்போகும். யாராவது உள்ளே முங்கி, நட்டுகளைக் கழற்றி, சங்கிலி மாட்டி அதை மேலே தூக்க வேண்டும். சில சமயம் குழாயின் அடிவாயில் இருக்கிற வால்வில் பாசியும் இலையும் அடைத்துக்கொள்ளும். அதற்கும் முங்கத்தான் வேண்டும். மூச்சுவிடக் காற்றுச் சிலிண்டர், குழாய் என்று எதுவும் கிடையாது. மூச்சைப் பிடித்துக்கொண்டு போவார், இரண்டு திருகு திருகுவார், மேலே வருவார், மறுபடியும் போவார்.

மார்கழிக் காலையில் கிணற்றுத் தண்ணீர் வெதுவெதுவென்று இருக்கும். முதல் அரை மணி நேரம் சுகமாகத்தான் இருக்கும் என்று அவரே சொல்வார். அதற்குப் பிறகு தண்ணீர் உடம்புச் சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொள்ளும். மூச்சு வாங்க மேலே வருகிறபோதெல்லாம் ஈர உடம்பில் வாடைக்காற்று அடிக்கும். இரண்டு மணி நேரம் அப்படி இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தால், காப்பி டம்ளரைப் பிடிக்க முடியாமல் கை ஆடும். உதடு நீலம் பாய்ந்திருக்கும். நான் கோயில் புற்றுமண்ணைக் குழைத்து நெற்றியிலும் நெஞ்சிலும் பூசி, போர்வையைச் சுற்றி உட்கார வைப்பேன். அப்போதும் பல் அடித்துக்கொள்வது அடங்க வெகுநேரம் ஆகும்.

நான் வீட்டில் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தேன். துணி என் கையில் இருக்கும்போது ஒரு மனுஷருக்கு வெதுவெதுப்பாக ஒன்று தைத்துத்தர முடியாதா என்று எனக்கு ஒரு வீம்பு. முதலில் கெட்டிப் பனியன் இரண்டை ஒன்றாக வைத்துத் தைத்தேன். தண்ணீரில் நனைந்ததும் அது இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான் என்றார். ஊட்டியில் வேலை பார்த்துவிட்டு வந்த பக்கத்து வீட்டுக்காரரிடம் பழைய கம்பளிச் சட்டை ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். அது தண்ணீர் குடித்து முழங்கால் வரைக்கும் தொங்கிவிட்டது. மழைக்கோட்டுத் துணியில் கழுத்தும் மணிக்கட்டும் இறுக்கமாக ஒன்று தைத்தேன். அதற்குள் தண்ணீர் புகுந்து, அவர் மேலே வந்தபோது தண்ணீர் நிறைந்த தோல்பை மாதிரி வந்தார்.

அந்த வருஷம் எங்கள் மூத்தவளை ஒன்றாம் வகுப்பில் சேர்த்திருந்தோம். எண்பதுகளின் தொடக்கம். தூத்துக்குடியில் ஒரு லாரி செட்டில் வேலை பார்த்த என் தம்பி லீவுக்கு வந்திருந்தான். மச்சான் உடம்பு உதறுவதைப் பார்த்துவிட்டு, "அக்கா, ஹார்பர் போற ரோட்டுல ஒரு கடை இருக்கு. கப்பல்ல இருந்து வார பழைய சாமானெல்லாம் விப்பாங்க. அங்கன ஆளுசரத்துக்கு ரப்பர் சட்டை தொங்குது. தண்ணிக்குள்ள போட்டுக்கிடதாம். குளிரே தெரியாதுன்னு சொல்லுதாங்க" என்றான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே பிள்ளைகளை அம்மா வீட்டில் விட்டுவிட்டு, கழுகுமலை, கோவில்பட்டி வழியாக பஸ் ஏறிப் போய்ச் சேர்ந்தோம்.

கடை என்றால் நீளமான ஒரு தகரக் கொட்டகை. கயிற்றுச் சுருள்கள், பெயின்ட் டப்பாக்கள், மிதவை வளையங்கள், முழங்கால் உயர பூட்ஸ்கள். எல்லாவற்றிலும் எண்ணெய் வாசனை. கடைக்காரர் அறுபதை ஒட்டிய மனிதர். காது கொஞ்சம் மந்தம். சின்ன வயதில் சங்கு எடுக்க முங்கியவர் என்று பின்னால் தெரிந்தது.

என்ன வேண்டும் என்று கேட்டார். கிணறு, மோட்டார் என்றெல்லாம் சொன்னால் சிரிப்பாரோ என்று எனக்குக் கூச்சம். "தண்ணில நிக்கிற வேலை அண்ணாச்சி. குளிருக்கு ரப்பர் சட்டை வேணும். இவுகளுக்கு" என்றேன்.

கொக்கியில் இரண்டு தொங்கின. மூன்றாவது ஒன்று முதுகு முழுக்கக் கிழிந்து கிடந்ததால் அதை அவரே ஒதுக்கிவிட்டார். முதலாவது கறுப்பு. விரல் தடிமன் என்று சொல்லலாம். ஏதோ ஒரு கப்பலில் அடிப்பக்கம் சுரண்டுகிறவர்கள் போட்டதாம். காலும் கையும் சேர்ந்து கழுத்து வரை ஒரே உடுப்பு. இரண்டாவது அதில் பாதிகூடத் தடிமன் இல்லை. தொட்டால் குழந்தையின் காது மாதிரி மெத்தென்று வளைந்தது. இரண்டு கையிலும் தோளிலிருந்து மணிக்கட்டு வரை மஞ்சள் பட்டை.

"இது முங்குறவன் உடுப்பு இல்ல" என்றார் கடைக்காரர். "பலகைய வச்சிக்கிட்டு அலை மேல நின்னு வெளையாடுவானுகள்ளா, அந்த ஆளுக போடுதது. கப்பல்ல வந்த ஒரு வெள்ளக்காரப் பையன் இங்கன வித்துட்டுப் போனான்."

"அலை மேல எப்பிடி நிப்பாங்க?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

"நிக்கானுகளே. நான் படத்துல பாத்திருக்கேன்."

விளையாடுவதற்கு இப்படி ஒரு உடுப்பா என்று எனக்கு அது மேல் ஒரு இளக்காரம் வந்துவிட்டது. ஆனாலும் தையல்காரி கண் சும்மா இருக்காதே. இரண்டையும் உள்பக்கம் திருப்பிப் பார்த்தேன். இரண்டிலும் துண்டுகளை ஒட்டி, ஊசி மறுபக்கம் வராதபடி பாதி ஆழத்திலேயே வாங்கித் தைத்திருந்தார்கள். ஊசி ஓட்டை இல்லாவிட்டால் தண்ணீர் வராது. எந்த மெஷினில் அப்படித் தைக்க முடியும் என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. மெல்லிசு உடுப்பில் கக்கத்தில் தனியாக ஒரு துண்டு வைத்து, கையை நேரே மேலே தூக்கினாலும் இடுப்பு ஏறாதபடி வெட்டியிருந்தார்கள். அந்த வெட்டைப் பார்த்ததும் ஒரு நிமிஷம் மனசு அதன் பக்கம் சாய்ந்தது உண்மை.

"இது எப்பிடி அண்ணாச்சி சூடா வைக்கும்? தண்ணி உள்ள வராதா?" என்று கேட்டேன்.

"வரும்மா. கொஞ்சமா வரும். வந்த தண்ணிய ஒடம்பு சூடாக்கிரும். அந்தச் சூட்ட வெளிய விடாம ரப்பர் பிடிச்சு வச்சுக்கிடும். அதனால ஒடம்போட ஒட்டி இருக்கணும். தொளதொளன்னு எடுத்தீகன்னா பிரயோசனம் இல்ல."

கடைசியில் போட்டுப் பார்த்துவிடுவது என்று முடிவாயிற்று. கோணிப்படுதாவுக்குப் பின்னால் நாங்கள் இரண்டு பேரும் போனோம். கடைக்காரர் ஒரு பவுடர் டப்பாவை நீட்டினார். அதை உடம்பெல்லாம் கொட்டித் தேய்த்தும் தடிமன் உடுப்பில் அவர் கால் இறங்க மறுத்தது. நான் இழுக்க, அவர் குதிக்க, கால் மணி நேரம் ஆயிற்று. ஜிப்பை ஏற்றியதும் அவர் இரண்டு கையையும் உடம்போடு ஒட்ட வைக்க முடியாமல் அகட்டிக்கொண்டு நின்றார். மூக்கில் வேர்வை துளிர்த்தது.

"குந்துங்க பாப்போம்" என்றேன்.

பாதி வரை குந்தினார். "போதும்" என்றார்.

மெல்லிசு உடுப்பு இரண்டு நிமிஷத்தில் ஏறிவிட்டது. முதுகு ஜிப்பில் ஒரு நீள நாடா இருந்ததால் அவரே அதை இழுத்துப் போட்டுக்கொண்டார். குந்தினார், எழுந்தார், ஸ்பேனர் பிடிக்கிற மாதிரி தலைக்கு மேலே கையைக் கொண்டுபோய்த் திருகினார்.

"இதுல நல்லா வேல பாக்கலாம்ட்டி" என்றார்.

"இது கைல பிடிச்சா காத்து மாதிரி இருக்கு. இது என்ன குளிரத் தாங்கும்?"

"கை வளையணும்லா."

"போடப் போட வளைஞ்சு குடுக்கும்" என்றேன், என்னமோ ரப்பரோடேயே பிறந்து வளர்ந்தவள் மாதிரி. இன்னொரு காரணமும் இருந்தது. இரண்டுக்கும் கடைக்காரர் ஒரே விலைதான் சொன்னார். ஒரே காசுக்கு இரண்டு மடங்கு ரப்பர் கிடைக்கும்போது யாராவது மெல்லிசை எடுப்பார்களா? கனமான துணி நாள்பட உழைக்கும் என்பதுதானே நான் படித்த பாடம். என் வீட்டுக்காரர் இரண்டு உடுப்பையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். "சரி, நீ சொல்லுதத எடுப்போம்" என்றார்.

நல்ல தண்ணீரில் அலசி நிழலில்தான் காயப்போட வேண்டும் என்று கடைக்காரர் சொல்லி அனுப்பினார். பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். ஒரு ஆளே மடியில் படுத்திருக்கிற மாதிரி இருந்தது.

அதற்குப் பிறகு மூன்று வாரம் எனக்கு ஒரே நிம்மதி. காலையில் அவர் சைக்கிள் கேரியரில் டூல் பெட்டியையும் அதன் மேல் ரப்பர் சட்டையையும் வைத்துக் கட்டிக்கொண்டு போவார். சாயங்காலம் சொட்டச் சொட்டக் கொண்டு வந்து தருவார். நான் அலசி, பின்கட்டு நிழலில் கம்பில் மாட்டுவேன்.

"எப்பிடி இருக்கு?" என்பேன்.

"நல்லா இருக்கு" என்பார்.

ஆனால் உதறல் அப்படியேதான் இருந்தது. முன்னைக்கு இப்போது குறைவு என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். ஒரு நாள் அவர் சாப்பிட உட்கார்ந்தபோது இரண்டு முழங்கையிலும் புதுச் சிராய்ப்பு தெரிந்தது. பாறைச் சுவரில் உரசினால் வருவது. அன்றைக்கு உடுப்பை அலசும்போது அதன் முழங்கையைப் பார்த்தேன். முழங்காலையும் பார்த்தேன். வாங்கிய அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. ஒரு கீறல் கிடையாது, பாசிக்கறை கிடையாது. சட்டை போட்ட கையில் காயம் இருக்கிறது, சட்டையில் இல்லை என்றால் தையல்காரிக்கு அது தெரியாமல் போகுமா?

நேரில் போய்ப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். மறுநாள் அவருக்கு பனவடலிசத்திரத்தில் வேலை. சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு பதினொரு மணி பஸ்ஸில் நானும் போனேன். தோட்டம் ரோட்டை ஒட்டியே இருந்தது. கிணற்று மேட்டில் தோட்டக்காரர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் வேப்பமரக் கிளையில் ரப்பர் சட்டை, தலை இல்லாத மனுஷன் மாதிரி காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. பொட்டுத் தண்ணீர் படாமல் காய்ந்திருந்தது.

"வாம்மா" என்றார் தோட்டக்காரர். "நானே கேக்கணும்னு நெனச்சேன். இது எதுக்கு? இங்கன மூணு நாளா வேலை நடக்கு. தெனம் கொண்டாந்து மரத்துல தொங்க விடுதாரு. வேல முடிஞ்சு கெளம்பும்போது தொட்டித் தண்ணில முக்கி எடுத்துட்டுப் போறாரு. எதும் வேண்டுதலா?"

எனக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தது. கிணற்றை எட்டிப் பார்த்தேன். அவர் தண்ணீருக்கு மேலே தலையைத் தூக்கி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் மறுபடியும் உள்ளே முங்கிவிட்டார். ஆனால் எவ்வளவு நேரம் உள்ளேயே இருக்க முடியும்?

மேலே ஏறி வந்ததும் போர்வையைக் கொடுத்தேன். வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார். தோட்டக்காரர் நாகரிகம் தெரிந்தவர், மாட்டுக்குத் தீவனம் வைக்கப் போகிறேன் என்று எழுந்து போனார்.

"ஏன் சொல்லல?" என்றேன்.

போர்வையைக் கழுத்து வரை இழுத்துவிட்டுக்கொண்டார். "நீ ஆசையா எடுத்துக் குடுத்த" என்றார். "மெதக்குதுன்னு எப்பிடிச் சொல்ல?"

"என்ன மெதக்குது?"

"அந்தச் சட்டைதான். அதப் போட்டுக்கிட்டு என்னால முங்க முடியல. தக்கை மாதிரி மேலேயே நிக்கேன்."

நான் நம்பவில்லை. காட்டுங்கள் என்றேன். அந்த ஈர உடம்போடு அதை மாட்ட இருவரும் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டாம். படியில் இறங்கி, தண்ணீர் மட்டத்திலிருந்து இரண்டாவது படியில் நின்று குதித்தார். தலை முழுகியதோ இல்லையோ, பொத்தென்று மேலே வந்து மல்லாந்து மிதந்தார். தலையைக் கவிழ்த்து உள்ளே போகப் பார்த்தார். தலை போயிற்று, கால் இரண்டும் மேலே வந்து நின்றது. மறுபடியும் முயன்றார். மறுபடியும் கால்தான் தெரிந்தது. தோட்டக்காரரும் அவர் மனைவியும் வந்து எட்டிப் பார்த்தார்கள். அந்த அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். நான் படியிலேயே உட்கார்ந்து சிரித்தேன். தண்ணீரில் மல்லாந்தபடியே அவரும் சிரித்தார். கிணற்றுக்குள் அந்தச் சிரிப்பு சுற்றிச் சுற்றி வந்தது.

"இதுல தூங்கலாம். நல்லா சூடா இருக்கு" என்றார் கீழே இருந்து.

மூன்று வாரம் என்னிடம் பொய் சொன்னார் என்று கோபப்பட வேண்டியவள்தான் நான். தினமும் அந்தச் சுமையைச் சைக்கிளில் ஏற்றிக் கொண்டுபோய், காயப்போட்டு, நனைத்துத் திரும்பக் கொண்டுவந்த மனுஷரை நினைத்தால் கோபம் வரவில்லை. கடையில் அவர் சரியாகத்தான் சொன்னார். நான்தான் கேட்கவில்லை. பஸ்ஸுக்கு நிற்கும்போது அதைச் சொல்லிவிட்டேன். "விடு. கடைக்காரரப் பாத்துக் கேப்போம்" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் தூத்துக்குடி. இந்தத் தடவை கூச்சப்படாமல் கிணறு, மோட்டார், மேடை எல்லாவற்றையும் சொன்னேன். கடைக்காரர் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"தண்ணில நிக்கிற வேலைன்னுதானம்மா சொன்ன. முங்குற வேலைன்னு சொல்லலையே. இந்த ரப்பர்ல காத்துக் குமிழியா இருக்கு. மெதக்கத்தான செய்யும். முங்குறவன் இடுப்புல ஈயக்கட்டி கட்டிக்கிட்டுத்தான் இறங்குவான். தடிமன் கூடக்கூட ஈயமும் கூடக் கட்டணும்."

"அப்ப மெல்லிசுக்கு?"

"அதுக்கும் வேணும். ஆனா கொஞ்சம் போதும். நீங்க பாக்க வேலைக்கு அந்த வெளையாட்டுக்காரன் உடுப்புதான் தோது. நம்ம ஊரு தண்ணி என்ன, ஐஸ் கட்டியா? அந்தத் தடிமன் வேண்டவே வேண்டாம்."

மெல்லிசு உடுப்பு இன்னும் கொக்கியிலேயே இருந்தது. தடிமனுக்கு ஏதோ ஒரு காண்ட்ராக்டர் கேட்டுக்கொண்டிருந்ததால் மாற்றிக்கொள்வதில் அவருக்குச் சங்கடம் இல்லை. ஈயக்கட்டி கோத்த பெல்ட் ஒன்றும் எடுத்துக் காட்டினார். கொக்கி துருவேறி, அவிழ்க்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. வேண்டாம் என்றேன். தண்ணீருக்கடியில் அவசரத்துக்கு அவிழ்க்க முடியாத ஒன்றை அவர் இடுப்பில் கட்ட எனக்கு மனசில்லை.

வீட்டுக்கு வந்து நானே ஒன்று தைத்தேன். லாரிக்குப் போடுகிற தார்ப்பாய்த் துணியை இரட்டையாக மடித்து, சுற்றிலும் எட்டு சின்னப் பைகள் வைத்து, ஒவ்வொரு பைக்கும் மூடி. முன்னால் ஒரு நாடாவை ஒரு கையால் இழுத்தாலே முடிச்சு முழுக்க உருவிக்கொள்ளும். கண்ணை மூடிக்கொண்டு, இடது கையாலும் வலது கையாலும் மாறி மாறி இருபது தடவை அவிழ்த்துக் காட்டினால்தான் ஆயிற்று என்று அவரை உட்கார வைத்துப் பழக்கினேன். உடுப்பின் முழங்காலிலும் முழங்கையிலும் சைக்கிள் டியூபை வெட்டி, பஞ்சர் சொல்யூஷன் தடவி ஒட்டினேன்.

பனவடலிசத்திரத்துக் கிணற்றில்தான் ஒத்திகை பார்த்தோம். ஒவ்வொரு பையாகப் பழைய போல்ட்டும் நட்டும் போட்டு, இறங்கிப் பார்த்து, மேலே வந்து, இன்னும் கொஞ்சம் போட்டு. ஏறக்குறைய நாலு கிலோ வந்தபோது அவர் அசையாமல் நின்றால் மெதுவாக இறங்கினார், காலை ஒரு உதை உதைத்தால் மேலே வந்தார். "இதான் கணக்கு" என்று தோட்டக்காரரே சொல்லிவிட்டார்.

அந்த மார்கழியில் இளையரசனேந்தலில் ஒரு பெரிய வேலை வந்தது. பதினைந்து அடித் தண்ணீருக்குள் மோட்டாரும் பம்பும் சேர்ந்து முங்கிக் கிடந்தது. நட்டெல்லாம் துருப்பிடித்து ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தது. அன்றைக்கும் நான் கூடப் போனேன். காலை ஏழு மணிக்கு இறங்கினார். மஞ்சள் பட்டையைப் பார்த்து அந்த ஊர்ப் பொம்பளைகள் குளவி மாதிரி இருக்கிறார் என்று பேசிக்கொண்டார்கள். முங்குவதும் வருவதுமாக ஒன்பதரை மணி வரை போயிற்று. மோட்டார் மேலே வந்து கரையில் உட்கார்ந்த பிறகு அவர் ஏறி வந்தார். நான் போர்வையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஜிப் நாடாவை இழுத்துக் கழற்றியபோது அவர் முதுகில் கை வைத்துப் பார்த்தேன். வெதுவெதுவென்று இருந்தது. போர்வையை வாங்கி ஓரமாக வைத்தார்.

"பசிக்குதுட்டி" என்றார். "என்ன இருக்கு?"

தூக்கில் கொண்டுபோன இட்லி ஆறு, அந்த வீட்டில் கொடுத்த கம்பங்கஞ்சி ஒரு செம்பு, எல்லாவற்றையும் சாப்பிட்டார். திரும்பி வருகிற பஸ்ஸில் பேச்சை நிறுத்தவில்லை. தொடையில் ஸ்பேனர் வைக்க ஒரு பை இருந்தால் ஒவ்வொரு தடவையும் மேலே வந்து வாங்க வேண்டியதில்லை என்றார். ஸ்பேனர் கனத்துக்கு ரப்பர் பிய்ந்துவிடும் என்றேன் நான். சின்ன ஸ்பேனர்தான் என்றார். பை தொடையில் கூடாது, பெல்ட்டில் வைக்கிறேன் என்றேன். பெல்ட்டில் வைத்தால் குனியும்போது வயிற்றில் இடிக்கும் என்றார். ஊர் வந்து இறங்குகிற வரைக்கும் அது முடியவில்லை. மறுநாள் காலை அவர் வேலைக்குக் கிளம்புவதற்குள், இடுப்புக்குப் பக்கவாட்டில் சாய்வாக ஒரு பையைத் தைத்துப் பெல்ட்டைக் கையில் கொடுத்தேன். ஸ்பேனரை அதில் போட்டு, இரண்டு தடவை குனிந்து நிமிர்ந்து பார்த்துவிட்டு, வயிற்றில் இடிக்காததால் பெல்ட்டை அப்படியே டூல் பெட்டி மேல் வைத்துக் கட்டிச் சைக்கிளை எடுத்தார்.